பாம்புக்குப் பேன் பார்த்த ஐந்து கிழமை

1

அக்காவின் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஏரோகிராமின் மூன்று பக்கத்தையும் நிரப்பி, ஒட்டுகிற மடிப்பிலும் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தா: "நீ வீட்டுக்குள்ளை பாம்பு வளர்க்கிறியாம் எண்டு இஞ்சை கதை அடிபடுகுது. உண்மையெண்டால் உனக்கு விசர். பொய்யெண்டால் உடனை எழுது."

உடனே எழுதவில்லை, ஏனென்றால் உண்மை. கதையை யாழ்ப்பாணம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்தான். தன் தங்கைக்கு எழுதும்போது 'ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதுவார். எங்கள் ஊரில் ஒரு செய்தியைப் பரப்ப அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

அக்காவுக்குத் தனியாக எழுதுவதைவிட ஊரில் இருக்கிற உங்கள் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. பெயர் புரூஸ். நஞ்சில்லாத மலைப்பாம்பு இனம். ஐந்தடி நீளம், மண்ணிற உடம்பில் பூப்போட்ட மாதிரி மஞ்சள் கோலம். வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தில் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், நான் அதற்குப் பேன் பார்த்தேன். இதை வாசிக்கும்போது அக்கா மயங்கி விழுவா. விழட்டும். பிடிக்க அத்தார் பக்கத்தில் இருப்பார்.

2

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தது எழுபத்து நாலில். நகரத்திலிருந்து ரெயிலில் முக்கால் மணித்தியாலம் தள்ளி, நோபல் பார்க் என்ற இடத்தில் ஒரு சின்னப் பலகை வீடு. வீட்டுக்காரர் ஒரு காரியாலயத்தில் பாலங்களுக்கு வரைபடம் கீறுகிறார். நான் ஊரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவள். இங்கே ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பின்னேர வேலை. உடைந்த பிஸ்கற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு முழு பிஸ்கற்றைப் போகவிட வேண்டும். படித்த படிப்புக்கும் இதற்கும் ஒரே ஒற்றுமை, இரண்டிலும் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள், பாமினி. பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜூலி என்று ஒரேயொரு சிநேகிதி. ஜூலியின் தகப்பனுக்கு நாட்டின் மறுகரையில் இருக்கிற பேர்த்துக்கு வேலை மாற்றம் வந்தது. வீட்டுச் சாமானெல்லாம் லொறியில் ஏறும், ஜூலியின் பாம்பு ஏறாது. "நாங்கள் வச்சிருப்பமே?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பாமினி இங்கிலீசில் கேட்டாள். நான் வாய் திறக்க முதலே தகப்பன் தலையாட்டிவிட்டார். மனிசன் கரப்பான் பூச்சிக்கே கதிரையில் ஏறுகிறவர். மகள் கேட்டால் மட்டும் புலியையும் கட்டி வைப்பார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவள் எங்களிட்டை ஒரு சாமான் கேட்டு எவ்வளவு நாள், சொல்லும் பாப்பம்," என்றார்.

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

இந்த நாட்டில் பாம்பு வளர்க்கவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். படிவத்தில் 'வளர்ப்பதன் நோக்கம்' என்று ஒரு கேள்வி. வீட்டுக்காரர் 'கல்வி' என்று தன் வரைபட எழுத்தில் அழகாக எழுதினார். அதே கிழமைதான் நான் என் பட்டச் சான்றிதழ்களை இங்கே ஏற்கச் சொல்லி ஒரு காரியாலயத்துக்கு அனுப்பினேன். இரண்டு உறையையும் ஒன்றாகவே தபாலில் போட்டேன். மூன்றாம் கிழமை புரூசுக்குப் பத்திரம் வந்துவிட்டது. எனக்கு, 'உங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது' என்று ஒரு துண்டு வந்தது. இன்றைக்கும் கவனத்தில்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் பாம்புக்கு அங்கீகாரம், விலங்கியல் ரீச்சருக்கு இல்லை. சிரிக்காமல் என்ன செய்வது?

3

பாமினி மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்தால் வருவாள். எனக்கு நாலு மணிக்கு பஸ். காலையில் எல்லாருக்கும் ஓட்டம்தான், ஒரு நாளைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கிடைப்பது அந்த அரை மணித்தியாலம்தான். நான் வேலையால் வரும் நேரம் அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும்.

அந்த அரை மணித்தியாலத்தை நான் ஒரு நிமிடமும் வீணாக்கியதில்லை. "சப்பாத்தைக் கழட்டி வெளியிலை வை. உதென்ன கோலம், சீப்பை எடுத்துத் தலையை இழு. சோறு மூடி வச்சிருக்கிறன், சாப்பிடு. பாணைத் திண்டிட்டுப் படுக்காதை. கணக்குச் செய்தனியோ? ரீவியைப் போட்டுக்கொண்டு இராதை. அப்பா வந்தால் தேத்தண்ணி போட்டுக் குடு." எல்லாம் நல்ல தமிழில். வீட்டில் தமிழ் கேட்காவிட்டால் பிள்ளைக்கு மறந்து போகுமல்லவா?

அவள் சொல்வது இரண்டே இரண்டு. "ஓகே." "ஐ நோ."

வந்த புதிதில் அப்படியில்லை. முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் குசினியில் என் காலைச் சுற்றிக்கொண்டு தமிழில் சொன்னவள். பிறகு தமிழில் தொடங்கி இங்கிலீசில் முடித்தாள். பிறகு எல்லாம் இங்கிலீசு. பிறகு அதுவும் குறைந்து, ஓகே, ஐ நோ. நகம் வளர்வது போல. எந்த நாளில் என்று சொல்ல முடியாது.

ஆனால் புரூசோடு கதைப்பாள். அவள் அறையில் யன்னலோரம் கண்ணாடி போட்ட பெட்டி. பெட்டிக்குள் மரப்பட்டைத் தூள், ஒரு கட்டை, மண்ணிறத்தில் ஒரு தண்ணீர்ச் சட்டி. அதற்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு அவள் குசுகுசுப்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். ஒட்டுக்கேட்பது பிழைதான். பெத்த தாய்க்குப் பாம்பு மேல் பொறாமை வந்தால் பிழை சரி பார்த்துக்கொண்டா நிற்க முடியும்?

4

இனித்தான் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி.

மார்ச் மாதமளவில் புரூஸ் தன் தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கிப் படுக்கத் தொடங்கியது. காலையில் பார்த்தாலும் சட்டிக்குள், பின்னேரம் பார்த்தாலும் சட்டிக்குள். தலையை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு கிடக்கும். வெக்கைக்குப் படுக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

எங்கள் பக்கத்து நாகதம்பிரான் கோயில் உங்களுக்குத் தெரியும். பொங்கலன்று பாம்பு வந்து பால் குடிக்கும் என்று சனம் விடிய விடியக் காத்திருக்கும். அடுத்த நாள் வகுப்பில் நான் சுண்ணாம்புக்கட்டியோடு நின்று சொல்வேன்: "பாம்பு பால் குடியாது, பிள்ளையள். அதுக்குப் பால் சமிக்காது. பரீட்சையிலை வந்தால் உப்பிடியே எழுதுங்கோ." பதினொரு வருடம் சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப ரீச்சர், நீங்களும் நேற்றுப் பால் செம்போடை நிண்டனீங்களே?" என்று கேட்டாள். நான் அவளை இருக்கச் சொன்னேன்.

இங்கே கோயில் இல்லை. அலுமாரியில் மடித்த துவாய்களுக்கு மேல் தட்டில் சாமிப் படங்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் போன பிறகு விளக்கைக் கொளுத்திவிட்டுப் பாமினியின் அறையைக் கூட்டப் போனேன். அவளுடைய மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. தன்னுடைய பெயரை அவள் 'பாம்' என்று எழுதிப் பழகியிருந்தாள், பக்கம் முழுக்க, விதம் விதமாக. 'இனி'யைக் காணவில்லை. பெயரில் பாதி எங்கே போனது?

ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். வாசலில் பால்காரன் வைத்துவிட்டுப் போன போத்தல் இருந்தது. அதன் வெள்ளித்தாள் மூடியைக் கழற்றி, வாழ்நாளில் ஒரு கறியும் படாத, சட்டியளவு அகலமான புது வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றினேன். ஊத்தைச் சட்டியில் சாமிக்கு வைக்கலாமா? தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோப்பையை வைத்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, "தம்பிரானே, என்ரை பிள்ளை என்னோடை தமிழிலை கதைக்க வேணும்," என்றேன்.

புரூஸ் மெல்ல வந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு ஐந்தடி உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாலுக்குள் சுருண்டு படுத்துவிட்டது.

நான் நிலத்தில் இருந்து அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன, அப்படி ஒரு சந்தோசம்.

அடுத்தடுத்த நாட்களும் வைத்தேன். சனி ஞாயிறு தகப்பனும் மகளும் நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து வைத்தேன். மற்ற நாட்களில் காலையில் வைத்து, மூன்று மணிக்குக் கோப்பையை எடுத்து, தண்ணீர்ச் சட்டியைத் திருப்பி வைப்பேன். பாமினியிடம் மூச்சும் விடவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம், நான் பஸ்சுக்கு ஆயத்தமாக நிற்கும்போது, அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, புரூஸ் எலி சாப்பிடேல்லை. ரெண்டு தரம் வச்சனான். எனக்குப் பயமா இருக்கு."

தமிழில்! எனக்கு உச்சந்தலை குளிர்ந்தது. அவள் சொன்ன செய்தி என் காதில் விழவே இல்லை. மொழி மட்டும்தான் விழுந்தது. "பாத்தியே, எவ்வளவு வடிவாக் கதைக்கிறாய்! பிறகேன் அந்த இங்கிலீசு? நாக்கு என்ன சுளுக்கே?" என்றேன்.

"நெவர் மைன்ட்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

5

புதன்கிழமை கோப்பையை எடுக்கும்போது பாலில் கறுப்பாக ஏதோ மிதந்தது. எள்ளுக் குறுணி போலப் பத்துப் பதினைந்து. கட்டையிலிருந்து விழுந்த தூசி என்று நினைத்து விரல் நுனியால் ஒன்றை எடுத்தேன். அது நடந்தது.

ஊரிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. யன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கால்களை எண்ணினேன். எட்டு, உண்ணிச் சாதி. பிறகு பெட்டியைத் திறந்து பாம்பின் முகத்துக்குக் கிட்டக் கண்ணாடியைப் பிடித்தேன். கண்ணைச் சுற்றி, தாடை மடிப்பில், செதிலுக்கும் செதிலுக்கும் இடையில் அதே கறுப்புப் பொட்டுகள், இரத்தம் குடித்து ஊதிப்போய். உடம்பெல்லாம் சாம்பல் தூவின மாதிரி வெள்ளைத் தூள், அதுகளின் எச்சம். அடிவயிறு சிவந்து, புளித்த பால் மணந்தது.

ஐயோ, சிவசிவா. வெக்கையுமில்லை, அருளுமில்லை. கடி தாங்க முடியாமல் அந்த வாயில்லாப் பிராணி தண்ணீருக்குள் ஓடி ஒளித்திருக்கிறது. நான் தண்ணீரையும் பறித்துக்கொண்டு பாலை வைத்திருக்கிறேன். பாம்பு சாகக் கிடக்கிறது, நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்! மண்ணிறச் சட்டியில் தெரியாத பூச்சிகள் வெள்ளைப் பாலில்தான் கண்ணில் பட்டன என்பது உண்மை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

மறைத்திருக்கலாம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, 'இஞ்சை வா பிள்ளை, பாம்பிலை பூச்சி' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அது ஐந்தாறு நாள் பாலில் ஊறிய பாம்பு. வைத்தியம் சொல்கிறவருக்கு அது தெரிய வேண்டும். அவளிடம் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. தொழிற்சாலைக்கு போன் பண்ணி வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று வேண்டாம் என்று பாமினியை வாசலிலேயே மறித்து முழுவதையும் சொன்னேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளுடைய புத்தகப் பை நழுவிக் கீழே விழுந்தது.

"யூ ரோட் சூவாலஜி, அம்மா!" விலங்கியல் படிப்பித்தவள் நீ என்று என்னையே எனக்குச் சொல்லிக் காட்டினாள். "பாலோ? பாலிலையோ வச்சனீங்கள்? நான் சாப்பிடேல்லை எண்டு சொன்னன். ஐ ரோல்ட் யூ!"

பிறகு அழுதாள். புரூஸ் செத்துப்போகும், ஜூலிக்கு என்ன சொல்வது என்று விக்கி விக்கி அழுதாள். தொடப் போனேன்; தோளை இழுத்துக்கொண்டாள். அது செத்தால் இந்தப் பிள்ளை இனி என்னை நம்பப் போவதில்லை என்று எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

6

நாய் பூனைக்கு வைத்தியம் செய்கிற ஒருவர், பாம்பென்றால் தனக்குத் தெரியாது, மிருகக்காட்சிச்சாலையில் கேளுங்கள் என்றார். அங்கே போன் பண்ணி, பாம்புகளைப் பராமரிக்கிற ஒரு மனிசனைப் பிடித்தோம். முதலில் நான்தான் கதைத்தேன். "எங்கள் பாம்புக்குப் பேன்," என்று இங்கிலீசில் சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பாமினி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

அவர் கேட்கக் கேட்க இவள் பதில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எதற்குள் படுத்துக் கிடந்தது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பாமினி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ளைதான். பிறகு பாலும் பட்டது. ஒரு அக்சிடன்ட்," என்று இங்கிலீசில் சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவ்வளவு கோபத்திலும் காட்டிக் கொடுக்கவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். மரப்பட்டையும் கட்டையும் வெளியே. பெட்டியைக் கொதிதண்ணி ஊற்றி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் காயவைத்து, அடியில் வெறும் வெள்ளைத் தாள் விரிக்க வேண்டும். பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம், தலை மேலே இருக்கத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு ஒலிவ் எண்ணெயை மெல்லிதாகப் பூச வேண்டும், கண்ணோரத்துக்குப் பஞ்சால். பூச்சி மருந்து அடித்தால் பூச்சியோடு பாம்பும் போகும், வேண்டாம். ஒரு தரத்தோடு முடியாது. முட்டைகள் பெட்டியின் வெடிப்புகளில் கிடந்து பொரிக்கும். நாலைந்து நாளைக்கு ஒருக்கால், குறைந்தது ஐந்து கிழமை.

எண்ணெய் முழுக்கு! ஊரில் சனிக்கிழமை சனிக்கிழமை செய்ததைத்தான் மனிசன் சொல்கிறார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மருந்துக்கடையில் ஒலிவ் எண்ணெய் காதுக்கு விடுகிற அளவு போத்தலில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மரியா அன்ரி கிரேக்கப் பெண். வேலிக்கு மேலால் கேட்டேன். பெரிய தகரப் பேணியோடு ஓடி வந்தா. சமையலுக்கோ என்று கேட்டா. பாம்புக்கு என்றேன். பேணியை வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டா. ஆனாலும் பேணி முடியும்போது அடுத்த பேணி வேலிக்கட்டையில் இருந்தது.

7

விடியப்புறம், எல்லாரும் வெளிக்கிட முதல், குளியலறையில் வேலைப் பிரிவினை இப்படி: பாமினி தலையைத் தாங்குவாள். நான் உடம்பைத் தடவி, செதில் செதிலாகப் பார்ப்பேன். வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டித் துவாயைப் பிடித்துக்கொண்டிருப்பார். "எட்டி வைக்கட்டே?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் கேட்பார்.

எனக்கு நாலு தங்கச்சிமார். தாயில்லாப் பிள்ளைகள், நாலு தலைக்கும் பேன் எடுத்தவள் நான்தான். ஈரைப் பெருவிரல் நகத்தில் வைத்து 'டிக்' என்று நசுக்கும்போது தங்கச்சிமாரில் ஒருத்தியாவது நித்திரை தூங்கிவிடுவாள். அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. கண்ணோரத்துப் பூச்சியைப் பஞ்சில் ஒற்றி எடுத்து நகத்தில் வைத்தேன். டிக். பாமினி முகத்தைச் சுளித்துக்கொண்டே, "டூ இற் அகெய்ன்," என்றாள்.

அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். முழுக்கு நேரம் யாரும் சத்தம் போடக்கூடாது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, நான் கத்தினாலும் அதற்குப் பெரிதாகக் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாடம் எடுக்கிற உரிமை இழந்தவள் நான். வாயைப் பொத்திக்கொண்டு எண்ணெய் பூசினேன். வாழ்க்கையில் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சாட்சி சொல்கிறார்.

இரண்டாம் கிழமையில் அவள் தானாகவே கதைக்கத் தொடங்கினாள். கண்ணைப் பாம்பிலேயே வைத்துக்கொண்டு, பாதி இங்கிலீசு, பாதி தமிழ். ஜூலி பேர்த்திலிருந்து ஒரு கடிதம் போட்டாளாம், பிறகு இல்லையாம். மத்தியானச் சாப்பாட்டை இவள் நூலகத்துக்குப் பின்னால் தனியாக இருந்து சாப்பிடுகிறாளாம். பெயரை முழுக்கச் சொன்னால் பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பகிடி பண்ணுகிறார்களாம், அதனால்தான் பாம். 'ஏனடி இதை முதலே சொல்லேல்லை? எந்தப் பிள்ளை? நாளைக்கே வந்து கேக்கிறன்' என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தம் போடக்கூடாது என்ற சட்டம் தடுத்தது. "ம்," என்றேன். அவள் தொடர்ந்து சொன்னாள்.

மூன்றாம் கிழமை வெள்ளைத் தாளில் பொட்டுகள் இல்லை. நாங்கள் வென்றுவிட்டோம் என்று வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். கேக் முடியும் முன்னரே திரும்பவும் பொட்டுகள். முட்டை பொரித்துவிட்டது. புரூஸ் மெலிந்து முதுகெலும்பு தெரிந்தது. எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அது சாகப்போகுது, அம்மா, என்ன?" என்று பாமினி கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தெரியாது என்றேன். கொதிதண்ணிக் கேத்திலைத் திரும்பவும் அடுப்பில் வைத்தேன். அவள் தேய்க்கிற தூரிகையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நாலாம் கிழமை முடிவில் பாம்பின் கண் பால் படிந்த மாதிரி மங்கியது. தோல் கழற்றப் போகிறது. கை வைக்காமல் விட்டோம். ஒரு சனிக்கிழமை காலை பெட்டிக்குள் தலை தொடங்கி வால் வரை ஒரே துண்டாகச் சட்டை கிடந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். செத்த பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. புதுத் தோலில் ஒன்றுமில்லை. ஐந்தாம் கிழமையும் விடாமல் முழுக்காட்டினோம். தாள் வெள்ளையாகவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை புரூஸ் எலியைச் சுற்றி வளைத்து விழுங்கியது. பாமினி என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எலி உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

8

இரண்டு நாள் கழித்து, மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில், குசினி மேசையில் இருந்து பாணைத் தின்றுகொண்டு பாமினி கேட்டாள்:

"அம்மா, அண்டைக்குப் பால் வச்சனீங்கள் எல்லோ. என்ன கேட்டு வச்சனீங்கள்?"

பஸ் பிந்துகிறது என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. சொன்னேன். நீ என்னோடை தமிழிலை கதைக்க வேணும் எண்டு கேட்டனான் என்று, சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அதைப் பாம்பிட்டை ஏன் கேட்டனீங்கள்? என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டால் கதைச்சிருப்பியோ?"

பாண் துண்டைத் தட்டில் வைத்தாள். சொல்லலாமா விடலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"நீங்கள் தமிழிலை என்னோடை கதைக்கிறேல்லை, அம்மா. ஏசுறீங்கள். அதைச் செய், இதைச் செய்யாதை. அவ்வளவுதான். தமிழெண்டால் எனக்கு அது மட்டும்தான் கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்குப் பழக்கம். அவள் கோபப்படவில்லை. எலி சாப்பிடவில்லை என்று சொன்ன அதே குரலில், உள்ளதைச் சொன்னாள்.

நான் துடைப்பதை நிறுத்திவிட்டு, ஏவலும் ஏச்சும் இல்லாத ஒரு வசனம் தேடினேன். வாயில் வந்ததெல்லாம் 'சப்பாத்தை', 'பாணை', 'கணக்கை' என்றுதான் தொடங்கின. ஒவ்வொன்றையும் விழுங்கினேன். பதினொரு வருடம் படிப்பித்தவளுக்கு, இந்த ஒரு பிள்ளைக்குச் சொல்ல ஒரு வசனம் அகப்படவில்லை. நாலு மணி பஸ் தெருவால் போகிற சத்தம் கேட்டது.

அவள் எழும்பிப் போய்ப் புரூசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோளைச் சுற்றிக் கிடந்தது. யன்னலால் வந்த வெயில் அதன் மேல் விழுந்தது.

"புரூஸ் இண்டைக்கு நல்ல வடிவு, என்ன?" என்றேன்.

"ஓம், வடிவுதான்," என்றாள்.